கீழ்வரியில் மச்சான்

டிவி ஓடுகிற வீட்டில் என்னை யாருக்கும் தெரியாது. ஓடாத வீட்டில் நான்தான் மாப்பிள்ளை. இருபது வருடமாக இந்தத் தெருவில் கேபிள் இழுக்கிறவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுவீடு குடிபோனபோது கூப்பிட மறந்தவர்கள்கூட, படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று குழைந்துகொண்டு போன் போடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தையலக்கா குழையவில்லை. "கேபிளு, எங்க இருந்தாலும் உடனே வா" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

வெளியே காற்று பேய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நான் போனபோது முன்னறை முழுக்க நீலத் துணி. பள்ளிக்கூடத்துச் சீருடை, அறுபது உருப்படி, திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவளுடைய மாமியார், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், இருட்டாகக் கிடந்த டிவியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். பேத்தி, ஒன்பது வயசுப் பாப்பா, "தட்டினா வராது, தட்டினா வராது" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"அவர் மேல மாட்டிக்கிட்டாராம்" என்றாள் அக்கா. "டிவியில காட்டறாங்களாம். பேக்கரிக்காரர் வந்து சொல்லிட்டுப் போறார். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. படத்தைக் கொண்டா, கேபிளு."

அவள் புருஷன் டவர் கிரேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் பத்தொன்பது மாடிக் கட்டடம் ஒன்று கட்டுகிறார்கள், அங்கே வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் தூங்குவார், எழுந்தால் மிஷினுக்கு எண்ணெய் போடுவார். அதிகம் பேச மாட்டார். மேலே தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சு வற்றிப்போச்சு என்று அக்கா கேலி செய்வாள்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். காற்று என் வயரைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சுற்றியிருந்தது. அவிழ்த்து, தோல் உரித்து, முறுக்கி மாட்டிவிட்டு "வந்துச்சா?" என்று கத்தினேன். "வந்துச்சு!" என்று மூன்று குரலும் சேர்ந்து கேட்டது. என் வாழ்க்கையில் நான் ஆயிரம் தடவை கேட்ட சொல்தான். அன்றைக்கு அதைக் கேட்டதும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

கீழே வந்து பார்த்தால், திரையில் சாம்பல் வானம். அதில் கிரேன் ஒன்று. உச்சியில் கண்ணாடி அறை, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். காற்றில் சாரம் சரிந்து கிரேனின் தூண்மேல் விழுந்திருக்கிறது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குள்ளே மேலே போகிற ஏணி நடுவில் மூன்று ஆள் உயரத்துக்கு நொறுங்கிப் போய்விட்டது. மேலே இருக்கிறவர் இறங்க முடியாது, கீழே இருக்கிறவர் ஏற முடியாது. காற்று நின்றால்தான் ஏணி கட்டலாம். இதைச் சொல்வதற்கு அவர்கள் பின்னால் டமார் டமார் என்று மேளம் வேறு போட்டிருந்தார்கள்.

"கட்டுப்பாட்டை இழந்த கிரேன் காற்றில் தாறுமாறாகச் சுழல்கிறது!" என்று நிருபர் குடையோடு போராடிக்கொண்டே கத்தினார்.

"அட அறிவுகெட்டவனே!" என்று அக்கா டிவியைப் பார்த்துச் சீறினாள். "காத்துல அது சுத்தத்தான் வேணும். பிரேக்கை எடுத்துவிட்டு, காத்து போற பக்கம் போக விடணும். பிடிச்சு நிறுத்தினாத்தான் சாயும். எங்க வீட்டுக்காரர் சரியாத்தான் பண்ணியிருக்கார். இவனுக்கு மைக்கைக் கொடுத்தது யாரு?"

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. சரியாகச் செய்திருக்கிறார் என்றால் புத்தி தெளிவாக இருக்கிறார், புத்தி தெளிவாக இருந்தால் பயமில்லை. கண்ணாடிக்குள் ஒரு கை அசைந்தது. பாப்பா பதிலுக்குக் கையசைத்தாள். பெரியம்மாவும் அசைத்தார். நானும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அன்று முழுக்க நேரலை. எந்தச் சேனலைத் திருப்பினாலும் நம்ம ஆள்தான். அவர் எழுந்தால் தெரிந்தது, உட்கார்ந்தால் தெரிந்தது. பெரியம்மா சாப்பாட்டுக் கணக்கை ஆரம்பித்துவிட்டார். "டப்பாவுல ரொட்டி எத்தனை இருக்கும்?" "ஆறு இருக்கும் அத்தை. ரெண்டு முட்டை. வாழைப்பழம் வாங்கியிருப்பார். தண்ணி அஞ்சு லிட்டர் கேன், மேலயே வெச்சிருப்பார்." "அவன் பசி தாங்க மாட்டானே." "உங்க பிள்ளை எல்லாம் தாங்குவார், பேசாம இருங்க." மேஸ்திரி ஒருமுறை போனில் பேசினார். வாக்கி டாக்கியில் பேசியாச்சு, நலமாக இருக்கிறார், அவர் போன் கீழே அறையிலேயே கிடக்கு, வாக்கி டாக்கி பாட்டரியும் தீர்ந்துபோச்சு என்றார். பிறகு மேஸ்திரி போனும் அணைந்துவிட்டது. கிளம்பிப் போகலாம் என்றால் வழியெல்லாம் மரம் விழுந்து பஸ் இல்லை, ரயில் இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பெட்டிதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். காற்று விடவில்லை. டிவி முன்னால் மூன்று பேரும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாள் சிரித்த முகமாக வந்து, "வணக்கம்! இன்னிக்கு நாம செய்யப் போறது காளான் சூப்" என்றாள்.

"விளம்பரமா இருக்கும்" என்றார் பெரியம்மா.

விளம்பரம் இல்லை. அந்த அம்மாள் வெங்காயத்தை எடுத்து நிதானமாகத் தோல் உரித்தாள். அடுத்த சேனலில் மூட்டுவலி. அதற்கடுத்ததில் வீட்டுமனை. அதற்கும் அடுத்ததில் போன வருஷப் பேட்டி ஒன்று.

"எங்க போனார் என் புருஷன்?" என்றாள் அக்கா.

நான்தான் அந்தப் பாவத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, இன்னிக்கு சனிக்கிழமை. டிவிக்காரனுக்கும் லீவு. வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சுட்டுப் போயிடுவான். ரெண்டு நாளைக்கு அதுதான் ஓடும்."

"அவர் அங்க தொங்கிட்டிருக்காரு. இவனுக்கு லீவா?"

சட்டென்று அவள் கண் விரிந்தது. "டேய், என் தம்பி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவள் தம்பி அந்தச் சூப்பு ஓடுகிற சேனலில்தான் வேலை பார்த்தான். சனி ஞாயிறு மட்டும். பட்டியலைப் பார்த்து, பதிவு பண்ணின நிகழ்ச்சியை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவான். நடுவில் விளம்பரம் போடுவான். திரைக்குக் கீழே ஓடுகிற வரியைத் தட்டச்சு செய்வான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் அந்த இரண்டு நாளும் அவன், ஒரு காவலாளி, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி வாசிப்பாளர். கிரேன்காரருக்கு மச்சினன் வேலைமேல் பெரிய மதிப்பு கிடையாது. "ஓடற டேப்பைப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆளா?" என்பார். தம்பி அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டான்.

அக்காவுடைய பட்டன் போனில் ஸ்பீக்கரைப் போட்டோம்.

"டேய், உன் மச்சான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நீ சூப்பு வெக்கிறியா?"

"அக்கா, அக்கா, கத்தாதே. சூப்பு பட்டியல்ல இருக்கு."

"பட்டியலைக் கொளுத்து! அவரைக் காட்டு!"

"ஆசிரியர் சொல்லாம நேரலைக்கு மாத்த முடியாதுக்கா. அவர் ஏதோ கல்யாண வீட்டுல இருக்கார். போன் எடுக்கலை. ஆனா நீ பயப்படாதே. நான் மச்சானைப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"எங்க பாக்கறே?"

"எங்க கேமராக்காரரும் நிருபரும் அங்கயேதான் இருக்காங்க. மத்த சேனல்காரங்க நேத்து போயிட்டாங்க, இப்ப கம்பெனிக்காரன் கேட்டைப் பூட்டிட்டான். எங்க ஆளுங்க மட்டும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. படம் இங்க வந்துட்டேதான் இருக்கு. எனக்கு முன்னாடி ஒரு சின்னத் திரையில ஓடுது. வெளியில போகலை, அவ்வளவுதான்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். "இப்ப என்ன பண்றார்?" "சாப்பிட்டானா?" "அப்பா என்னைப் பாக்கறாரா?"

"கண்ணாடியைத் துடைக்கிறார். நல்லாத்தான் இருக்கார்."

அதோடு விட்டார்களா? பத்து நிமிடத்துக்கு ஒரு போன். ஒருமுறை போனில் பேசிக்கொண்டே ஒரு சோப்பு விளம்பரத்தைத் தவறவிட்டுவிட்டான் பாவம். "அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். நீ இப்படிக் கூப்பிட்டுட்டே இருந்தா எனக்கு வேலை போயிடும். ஒண்ணு பண்றேன். கீழ ஓடற வரியைப் பாத்துட்டே இரு. மச்சான் என்ன பண்ணினாலும் அதுல போடறேன்."

அப்படித்தான் நாங்கள் காளான் சூப்பை வைத்த கண் வாங்காமல் பார்க்க ஆரம்பித்தோம். மேலே வெங்காயம் வதங்கும். கீழே 'உயரத்தில் சிக்கிய கிரேன் ஓட்டுநர் நலம்' என்று ஓடும். கொஞ்ச நேரம் கழித்து, 'கிரேன் ஓட்டுநர் தண்ணீர் குடித்தார்.' பெரியம்மா, "எவ்வளவு குடிச்சானாம்?" என்பார். அக்கா போனைத் தொடக்கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு, பிறகு தாங்காமல் தொட்டுவிடுவாள். பத்து நிமிடத்தில், 'கிரேன் ஓட்டுநர் இரண்டு மிடறு தண்ணீர் குடித்ததாகத் தகவல்' என்று வரும்.

நடுநடுவே அக்கா தைத்தாள். "சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்" என்று மிஷினை மிதித்தாள். கண் திரையில், கால் மிதியில், கை துணியில். அறுபதில் இருபத்தெட்டு முடிந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை வைத்துத் தைத்துவிட்டு, பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் தையலைப் பிரித்துக் கொடுத்தார்.

பேக்கரிக்காரர் சூடாக பன் கொண்டுவந்தார். கீழ்வரியைப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். சூப்பு முடிந்தது, வீட்டை அலங்கரிப்பது எப்படி முடிந்தது, மறுபடி சூப்பு வந்தது. மூன்றாவது சுற்றில் எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். "இப்ப பாருங்க, மிளகுத்தூளைக் கீழ கொட்டுவா" என்பார் பெரியம்மா. கொட்டுவாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தம்பி தன் விரலால் கெட்டான். மத்தியானம் கிரேன்காரர் ரொம்ப நேரமாக அசையாமல் சாய்ந்து கிடந்திருக்கிறார். எங்களுக்குச் சொன்னால் பயப்படுவோம் என்று தம்பி சொல்லவில்லை. தனியாக அந்தச் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தானாம். மூன்று மணி சுமாருக்கு அவர் எழுந்து சோம்பல் முறித்ததும், இவனுக்கு சந்தோஷம் தலைக்கேறி, யாருக்கு எழுதுகிறோம் என்பதே மறந்துவிட்டது. நாடு முழுக்க எல்லா வீட்டுத் திரைக்கும் கீழே இப்படி ஓடியது:

'மச்சான் எழுந்துட்டார். சும்மா தூங்கியிருக்கார். கவலைப்படாதே.'

பேக்கரிக்காரர் வாயில் வைத்த பன்னைக் கடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கேபிளு, இது எல்லா வீட்டுலயும் வருமா?"

"எல்லா வீட்டுலயும்தான்."

அந்த வரி மூன்று தடவை ஓடி முடிந்தபிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. அதற்குள் அவன் மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. யார் யாரோ. லாரி ஓட்டுகிற ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், ஒரு கல்லூரி விடுதிப் பையன்கள் மொத்தமும். எவரும் திட்டவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "மச்சான் சாப்பிட்டாரா?"

சாயங்காலத்துக்குள் கிரேன் ஓட்டுநர் என்ற பேரே போய்விட்டது. எங்கள் தெரு முனைக் கடையில் நின்றவர்கள்கூட, "மச்சான் பழம் சாப்பிட்டாராம்" என்று பேசிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் இருந்த ஆசிரியருக்குப் பந்தியிலேயே சேதி போய்விட்டது. தம்பியை அழைத்து, "எந்த மச்சான்டா? யாருக்கு மச்சான்?" என்று கத்தினாராம். "எனக்குத்தான் சார்" என்றானாம் இவன். அந்தப் பக்கம் அவர் பந்தியை விட்டு எழுந்து கை கழுவுகிற சத்தம் கேட்டதாம். பிறகு அவர், "அப்படியே ஓட்டு. மாத்தாதே. ஏணி கட்டி அவர் இறங்க ஆரம்பிச்சதும் நேரலைக்குப் போ. நம்மகிட்ட மட்டும்தான் படம் இருக்கு. மேளத்தை மறக்காம போடு" என்றாராம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று நின்றுவிட்டது. எங்கள் ஊரில் வெயில் பளிச்சென்று அடித்தது. அங்கேயும் அப்படித்தான். 'ஏணி கட்டும் பணி தொடக்கம்' என்று கீழ்வரி வந்தது. மூட்டுவலி டாக்டருக்குக் கீழே அது ஓடியதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். பத்தரை மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, மூணு ஆள் உயரத்துக்கும் புது ஏணி மாட்டிட்டாங்க. மச்சான் பெல்ட்டுப் போட்டுட்டிருக்கார். ஆசிரியர் நேரலை போடச் சொல்லிட்டார். பொத்தான்மேல கை வெச்சிருக்கேன். பாத்துக்கோ!"

பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஒலியைக் கூட்டினேன்.

"போடாதே" என்றாள் அக்கா.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"என்னக்கா?"

"போடாதேடா." அவள் கையில் ஊசி இருந்தது, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "அவர் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. கால் மரத்திருக்கும். அவர் வெக்கிற ஒவ்வொரு அடிக்கும் டமார்னு மேளம் போடுவீங்க. கால் தவறிச்சுன்னா? பாப்பா பாத்துட்டிருக்கா. அவரைப் பெத்தவங்க பாத்துட்டிருக்காங்க. திருப்பித் திருப்பிப் போடுவீங்க, சாகற வரைக்கும் என் கண்ணு முன்னாடியே இருக்கும். என்னால முடியாது. கீழ வந்து நின்னதும் காட்டு. ஊரே பாக்கட்டும். அதுவரைக்கும் நீ பாத்துச் சொல்லு. உன் வாயால கேட்டாப் போதும்."

சனிக்கிழமை முழுக்க அவரைக் காட்டு காட்டு என்றவள்தான். கூட்டின ஒலியை நான் குறைத்தேன். பெரியம்மா மெதுவாக வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஆசிரியர் கேட்டா நான் என்ன சொல்றது?" தம்பி அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்போதுதான் என் இருபது வருட அனுபவம் கைகொடுத்தது. போனைப் பிடுங்கினேன். "தம்பி, கேபிள் பேசறேன். மழைன்னு சொல்லு."

"என்ன மழை?"

"மழை பெஞ்சு லைன் விட்டு விட்டு வருதுன்னு சொல்லு. நாங்க எத்தனை வருஷமா இதைச் சொல்லிப் பிழைக்கிறோம்! எவனும் எதிர்த்துக் கேட்டதில்லை."

ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் அவனைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அந்தப் போனில் பேசினான், எங்களுக்கு இவன் பேச்சு மட்டும் கேட்டது. "சூப்புதான் சார்... மழை சார்... இல்ல சார், அங்க வெயில்தான் சார். இங்க மழை சார்... உங்களுக்கும் வெயிலா சார்? எங்க மொட்டை மாடிமேல மட்டும் சார்." இந்தப் பொய்க்காகப் பிறகு பதினைந்து நாள் அவனை வீட்டில் உட்கார வைத்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு, இரண்டு கிலோ ஏறினான்.

"ஆரம்பிச்சுட்டார்" என்றான் தம்பி.

அக்கா நூலைக் கடித்துத் துண்டாக்கினாள். டிவியில் அந்த அம்மாள் "வணக்கம்!" என்றாள்.

"ரெண்டு கொக்கி இருக்குக்கா. ஒண்ணைக் கழட்டிக் கீழ மாட்டறார். அப்புறம் மத்ததைக் கழட்டறார். எப்பவும் ஒண்ணு மாட்டியேதான் இருக்கு. அவசரமே படலை."

"அவர் என்னிக்கு அவசரப்பட்டார்? சொல்லு."

"பத்துப் படி. பதினொண்ணு. ஏணியில முகத்தைச் சாய்ச்சுக்கிட்டார். மறுபடி இறங்கறார்."

பாப்பா விரல் விட்டு எண்ணினாள். விரல் தீர்ந்ததும் என் விரலை எடுத்துக்கொண்டாள். வெங்காயம் வதங்கியது. பெரியம்மாவுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் வாசலில் நின்று, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல், கையில் இருந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"புது ஏணிக்கு வந்துட்டார். கீழ ரெண்டு பேர் நிக்கறாங்க. ஒரு கொக்கி மாட்டிட்டார்..."

பேச்சு நின்றது.

"டேய்?" என்றாள் அக்கா.

"..."

"டேய், பேசுடா!"

"நின்னுட்டார்க்கா."

"ஏன் நின்னார்?"

"தெரியலை. ஒரு கையை விட்டுட்டார். ஒரு கைதான் ஏணியில இருக்கு."

"மிளகுத்தூள் அவரவர் காரத்துக்குத் தகுந்த மாதிரி" என்றாள் டிவி அம்மாள், மிளகுத்தூளைக் கீழே கொட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்காவின் விரலில் ஊசி இறங்கி நீலத் துணியில் ரத்தப் பொட்டு ஒன்று விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் விரலைப் பாப்பா முறித்துவிடுவாள் போலிருந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷர் கையை நினைத்து இப்படி நான் வேண்டிக்கொண்டதில்லை.

"உதர்றார்!" என்று கத்தினான் தம்பி. "கையை உதர்றார்க்கா, மரத்துப்போச்சு போல! பிடிச்சுட்டார்! ரெண்டு கையும் பிடிச்சுட்டார்! இறங்கறார், இறங்கறார், கீழ இருக்கறவர் அவர் காலைப் பிடிச்சுப் படியில வெக்கிறார்..."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது. இருபத்திரண்டு நிமிடம் இறங்கினாராம். சூப்பில் மல்லித்தழை தூவி "நன்றி, வணக்கம்" சொல்லி முடித்தபோது தம்பி, "தரைக்கா!" என்றான். "தரை! தரை!"

அவன் பொத்தானை அமுக்கிவிட்டான். அந்த அம்மாள் மறைந்தாள். திரை நிறைய நம்ம ஆள். தாடி முளைத்து, சட்டை கசங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மண்ணில் நின்றார். மேளம் போட அவன் மறந்துவிட்டான். சுற்றி நின்ற கொத்தனார், கம்பி கட்டுகிறவர், காவலாளி, நிருபர் எல்லாரும் ஒரே குரலில், "மச்சான்! மச்சான்!" என்றார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவர்களில் யார் வீட்டில் பெண் எடுத்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது.

நிருபர் மைக்கை நீட்டினார். "மச்சான், நாட்டு மக்களுக்கு என்ன சொல்ல விரும்பறீங்க?"

"போன் இருக்கா?" என்றார் அவர்.

யாரோ கொடுத்தார்கள். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். "எங்கேஜ்டா இருக்கு" என்றார் நாட்டு மக்களிடம்.

இங்கே அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தம்பியிடம் "டேய், டேய், டேய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் அந்தப் பக்கம் "அக்கா, அக்கா" என்று அழுதுகொண்டிருந்தான்.

"வேற நம்பருக்குப் போடுங்களேன்" என்றார் நிருபர்.

"எனக்குத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான்."

"போனை வையேன்டி!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் தெரு திரும்பியது. "அவன் உன்னைத்தான் கூப்பிடறான்!"

அக்கா விழித்துக்கொண்டு போனை வைத்தாள். வைத்த கையோடு அது அடித்தது.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். நேரலை என்று எழுதியிருப்பார்களே தவிர, அது நம் வீட்டுக்கு வந்துசேர ஐந்தாறு நொடி ஆகும். போன் அப்படியில்லை. அவள் காதில் அவர் குரல் கேட்டபோது, திரையில் அவர் இன்னும் எண்ணைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"யாருகிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?"

இரண்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அது இருக்கட்டும்! அந்தப் புது ஏணியில ஒரு கையை எதுக்கு விட்டீங்க? ரெண்டு பேர் கீழ நிக்கறாங்க, அவங்களைக் கூப்பிட்டா ஆகாதா? இங்க நாலு பேர் உசுர் போய் உசுர் வந்துச்சு! புத்தி இருக்கா உங்களுக்கு?"

திரையில் அவர் இப்போதுதான் போனைக் காதில் வைத்தார். வைத்தவர், திடுக்கிட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். நாடே பார்த்தது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றது போன். "நான் இறங்கினதை டிவியில காட்டினாங்களா?"

"டிவியில சூப்பு காட்டினாங்க!" என்றாள் அக்கா.

போனில் அவர் சிரிக்க ஆரம்பித்தது கேட்டது. அக்காவுக்கும் அடக்க முடியவில்லை, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ஆனால் திரையில் அவர் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். "இருங்க, இருங்க," என்று பாப்பா எங்களையெல்லாம் அடக்கினாள், "இப்ப அப்பாவுக்கு சூப்பு போய்ச் சேரும்." நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தோம். அது விரிந்தது. இரண்டு நாள் வானத்தில் நின்ற மனுஷர், தரையில் நிற்க மாட்டாமல், போனோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார் சிரித்து.